ஏ.எஸ்.பி.யா, பெர்லா, வெறும் எச்.டி.எம்.எல்.லா? ஒரு வரன் தளம் உருவான கதை

1. கரண்ட் இல்லாத நாளில் வந்த கஸ்டமர்

ஆவுடையப்பன் சார் எங்கள் ஆபீஸ் படியேறி வந்த அன்று மறுபடியும் கரண்ட் போயிருந்தது. யூ.பி.எஸ். விடாமல் கத்திக்கொண்டிருந்தது. நான் ஒரு ரைஸ் மில்லின் ஸ்டாக் கணக்கை ஃபாக்ஸ்ப்ரோவில் அவசரமாகச் சேமித்து மூடிக்கொண்டிருந்தேன். அவர் வாசலிலேயே நின்று, "இதான் கம்ப்யூட்டர் ஆபீஸா? என்னம்மா இது, குருவி கத்துத மாதிரி சத்தம் கேக்கு?" என்றார்.

தொண்ணூறுகளின் கடைசி அது. வண்ணார்பேட்டையில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே, மாடியில் எங்கள் ஆபீஸ். முதலாளி சங்கரலிங்கம் அண்ணாச்சி. டைப்ரைட்டர் விற்றுக்கொண்டிருந்தவர், டைப்ரைட்டர் வாங்குவோர் குறைந்ததும் கம்ப்யூட்டர் விற்க ஆரம்பித்தார். வாங்கியவர்கள் எல்லாரும் "இத வச்சி என்ன செய்ய?" என்று திரும்பி வந்து கேட்டதால் கணக்குப் பேக்கேஜ் எழுதித் தரவும் ஆரம்பித்தார். அதை எழுதுவதற்காகச் சேர்ந்தவள் நான். பாளையங்கோட்டையில் கணிதம் படித்துவிட்டு, கூடவே ஒரு கம்ப்யூட்டர் டிப்ளமோவும் முடித்திருந்தேன். எனக்குத் தெரிந்த மொழி ஃபாக்ஸ்ப்ரோ. அது தெரிந்தால் திருநெல்வேலியில் அன்றைக்குப் போதும்.

இன்னொருவன் முருகேசன். சேரன்மகாதேவிப் பையன். சென்னையில் ஓராண்டு படித்துவிட்டு விஷுவல் பேசிக், ஏ.எஸ்.பி. என்று புதுப் பெயர்களோடு வந்திருந்தான். வேகமாக வேலை செய்வான். செய்ததை உடனே நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டவும் வேண்டும் அவனுக்கு.

ஆவுடையப்பன் சார் ரிட்டையர்டு தாசில்தார். டவுணில் தெற்கு ரத வீதியில் வீடு. பணி ஓய்வுக்குப் பிறகு தங்கள் சமூகத்துப் பிள்ளைகளுக்கு வரன் தகவல் சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அம்பாசமுத்திரம், நாங்குநேரி, கல்லிடைக்குறிச்சியிலிருந்தெல்லாம் ஜாதகத்தோடு ஆட்கள் வந்து அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். காசு வாங்க மாட்டார்.

"வே சங்கரலிங்கம்," என்றார் அண்ணாச்சியிடம். "வாரவன்லாம் அமெரிக்க மாப்பிள்ளை இருக்கா, சிங்கப்பூர் மாப்பிள்ளை இருக்கான்னு கேக்கான். அங்கன இருக்கவன் நம்ம ஊர்ப் பொண்ணு வேணும்னு என் மவனுக்கு போன் போடுதான். நான் நடுவுல உக்காந்து ஜெராக்ஸ் எடுத்தே சாவணுமா? இன்டர்நெட்ல போட்டா எல்லாரும் பாத்துக்கிடலாம்னு என் மவன் சொல்லுதான். ஒம்ம ஆபீஸ்ல இது ஆவுமா, ஆவாதா?"

அண்ணாச்சி யோசிக்கவே இல்லை. "ஆவும் சார்."

எங்கள் மூன்று பேரில் ஒருவர்கூட அதுவரை ஒரு வெப்சைட் செய்ததில்லை.

2. மூன்று வழிகள்

வேலை இதுதான். பெயர், வயது, நட்சத்திரம், படிப்பு, வேலை, போட்டோ. இதை வெளிநாட்டிலிருந்து பார்க்க வேண்டும். பிடித்திருந்தால் தொடர்புகொள்ள வேண்டும். தை பிறப்பதற்குள் முடிய வேண்டும்.

அன்று எங்கள் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, வெறும் எச்.டி.எம்.எல். ஜாதக விவரங்களை ஃபாக்ஸ்ப்ரோவில் ஏற்றி, அதிலிருந்தே ஒரு சின்ன புரோகிராம் வழியாகப் பக்கங்களை உருவாக்கி, எஃப்.டி.பி. வழியாக சர்வரில் ஏற்றிவிடுவது. சர்வரில் எதுவும் ஓடாது. நோட்டீஸ் ஒட்டிய மாதிரி அப்படியே நிற்கும். எனக்குத் தெரிந்த வழி இது.

இரண்டாவது, முருகேசனின் வழி. விண்டோஸ் என்.டி. சர்வரில் ஓடி, கேட்கக் கேட்கப் பக்கத்தை உருவாக்கித் தரும் ஏ.எஸ்.பி., பின்னால் ஆக்சஸ் டேட்டாபேஸ். பார்க்கிறவர் வயது, நட்சத்திரம் கொடுத்துத் தேடலாம். லாகின், பாஸ்வேர்டு வைக்கலாம். மூன்றாவது, யூனிக்ஸ் சர்வரில் பெர்ல் மொழியில் எழுதும் சி.ஜி.ஐ. ஸ்கிரிப்ட் என்ற சின்ன புரோகிராம். அது பற்றிப் பத்திரிகையில் படித்திருந்தோம். பார்த்தது கூட இல்லை.

தமிழில் போட முடியுமா என்று தாசில்தார் கேட்டார். அன்று தமிழுக்கு ஆளுக்கொரு ஃபான்ட். பார்க்கிறவர் கம்ப்யூட்டரிலும் அதே ஃபான்ட் இருந்தால்தான் எழுத்து தெரியும், இல்லையென்றால் கேள்விக்குறியும் கோடுமாக வரும். தலைப்பை மட்டும் படமாக வரைந்து போட்டோம். மற்றதெல்லாம் ஆங்கில எழுத்தில். "கேட்டை நட்சத்திரத்த இங்கிலீஷ்ல எழுதினா கேட்டுல நிக்கிற கூர்க்கா மாதிரியில்லா இருக்கு" என்று அவர் வருத்தப்பட்டார்.

நான் முதல் வழியில் நாலைந்து பக்கம் செய்து காட்டினேன். முருகேசன் ஆபீஸில் இருந்த என்.டி. மெஷினில் ஏ.எஸ்.பி.யில் ஒரு மாதிரி செய்து காட்டினான். நியாயமாகச் சொன்னால் அவனுடையதுதான் அழகு. நட்சத்திரத்தைத் தேர்ந்தெடுத்து ஒரு பட்டனைத் தட்டினால் பொருத்தமான பெண்களின் போட்டோக்கள் வரிசையாக வந்து நின்றன. தாசில்தார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இரண்டாம் முறை பார்த்தார்.

"இதையே செஞ்சிரு தம்பி," என்றார்.

முருகேசன் இரண்டு வாரம் தலை தூக்காமல் உழைத்தான். டேட்டா ஏற்றும் வேலை என்னுடையது. ஃபாக்ஸ்ப்ரோவில் ஏற்றி, அவனுக்கு ஆக்சஸுக்கு மாற்றிக் கொடுத்தேன். போட்டோக்களை ஸ்கேன் செய்ததும் நான்தான். ஜரிகைப் புடவையும் கனகாம்பரமுமாக ஸ்டூடியோவில் எடுத்த படங்கள். ஒவ்வொன்றாகக் கண்ணாடியில் கவிழ்த்து வைத்து எடுக்கும்போது எனக்கு எந்த யோசனையும் வரவில்லை. கோப்பின் அளவு பெரிதாகிவிடக் கூடாது, அங்கே இருப்பவர்களுக்கு மெதுவாக இறங்கும் என்பது மட்டும்தான் மனதில் இருந்தது.

3. நாங்குநேரியிலிருந்து வந்த கோமதி

ஒரு சனிக்கிழமை முற்பகல். ஒரு பெண் படியேறி வந்தாள். இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். கையில் குடை, தோளில் பை. கதவருகே நின்று, "இங்கதான் தாசில்தார் சாரோட கல்யாண கம்ப்யூட்டர் வேலை நடக்குதாக்கா?" என்று என்னிடம் கேட்டாள்.

"ஆமாம்மா. நீங்க?"

"நான் கோமதி. நாங்குநேரில டீச்சரா இருக்கேன். எங்கப்பா என் ஜாதகம் குடுத்திருக்காங்க. எப்படிப் போட்டிருக்கீங்கன்னு பாக்கணும்."

முருகேசனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. காட்ட ஒரு ஆள் வந்துவிட்டதே. நாற்காலியை இழுத்துப் போட்டு, அவள் நட்சத்திரத்தைக் கேட்டுத் தட்டினான். அவள் படமே திரையில் வந்தது. கீழே பெயர், அப்பா பெயர், படிப்பு, வேலை செய்யும் பள்ளிக்கூடம், ஊர்.

அவள் நாற்காலியில் உட்காரவில்லை. "இத யாரு யாரெல்லாம் பாப்பாங்க?"

"உலகத்துல எங்கேருந்து வேணும்னாலும் பாக்கலாம்," என்றான் முருகேசன் பெருமையாக.

"திருநெல்வேலிலேருந்தும் பாக்கலாமா?"

"நெட் கனெக்‌ஷன் இருந்தா பாக்கலாம். ஜங்ஷன்ல இப்ப ப்ரௌசிங் சென்டர்லாம் வரப் போவுது."

"பாஸ்வேர்டு எதுவும் இல்லையா?"

"இருக்கு. பேரு குடுத்து ரிஜிஸ்டர் பண்ணிட்டா பாஸ்வேர்டு தானா வந்துரும்."

"என்ன பேரு குடுத்தாலும் வந்துருமா?"

முருகேசன் என் பக்கம் திரும்பினான்.

அப்போதுதான் அவள் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. "இதுக்கு முன்ன நான் வள்ளியூர்ப் பக்கம் ஒரு ஸ்கூல்ல இருந்தேன்க்கா. எங்கப்பா ஒரு தரகர்ட்ட என் போட்டோவும் அட்ரஸும் குடுத்தாங்க. அது கை மாறி கை மாறி எவன்ட்டயோ போயிட்டு. அவன் ஸ்கூல் வாசல்ல வந்து நின்னான். என் பேரச் சொல்லிக் கூப்புடுதான். தெனமும் வாரான். பிள்ளைகள்லாம் பாத்துச் சிரிக்கு. கடைசில ஹெட்மாஸ்டர் என்னையத்தான் கூப்பிட்டு விசாரிச்சாங்க. நான்தான் ஸ்கூல விட்டு வந்தேன். அவன் இப்பவும் வள்ளியூர்லதான் இருக்கான்."

திரையில் அவள் படம் அப்படியே இருந்தது. நான் எழுந்து போய் மானிட்டரை அணைத்தேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அண்ணாச்சி தன் அறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே வந்து, "உக்காருமா. காப்பி வாங்கிட்டு வரச் சொல்லுதேன்," என்று சொல்லிவிட்டு தாசில்தாருக்குப் போன் செய்தார். டவுணிலிருந்து ஆட்டோ பிடித்து அவரும் வந்து சேர்ந்தார்.

அவருக்கு முதலில் கோபம்தான் வந்தது. "ஏம்மா, ஒங்கப்பா கையெழுத்துப் போட்டுத்தான குடுத்தாரு? அவர்ட்ட சொல்லாம நீ பாட்டுக்கு இங்கன வந்து நிக்கியே?"

"கையெழுத்து எங்கப்பாவோடது சார்," என்றாள் கோமதி. "போட்டோ என்னோடதுல்லா?"

தாசில்தார் எத்தனையோ பட்டா வழக்கை விசாரித்து முடித்தவர். "சரி, ஒன் போட்டோவ எடுத்திரச் சொல்லுதேன்," என்றார்.

"என்னோடத மட்டும் எடுத்தாப் போதுமா சார்? மத்த பிள்ளைகளுக்குத் தெரியுமா, அவங்கள இப்படிப் போட்டிருக்குன்னு?"

காப்பியைக் குடித்துவிட்டு, ஒரு மணி பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று கிளம்பினாள். அவள் போன பிறகும் தாசில்தார் அங்கேயே உட்கார்ந்திருந்தார். எங்களை அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

4. அண்ணாச்சி முருகேசனிடம் கேட்டது

திங்கட்கிழமை காலை நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம். அன்றைக்கென்று அமெரிக்காவில் இருந்த தாசில்தாரின் மகனிடமிருந்து ஒரு ஃபேக்ஸும் வந்திருந்தது. அவர் அங்கே ஒரு சர்வரில் இடம் வாங்கிவிட்டாராம். யூனிக்ஸ் சர்வர். அதில் ஏ.எஸ்.பி. ஓடாது.

முருகேசன் விட்டுக்கொடுக்கவில்லை. "என்.டி. ஹோஸ்டிங்கும் இருக்கு அண்ணாச்சி. அத வாங்கச் சொல்லுவோம். லாகின ஸ்ட்ராங்கா மாத்திருதேன். ரிஜிஸ்டர் பண்ணுத ஒவ்வொருத்தரையும் நம்ம அப்ரூவ் பண்ணினாத்தான் உள்ள வர முடியும்னு வச்சிருவோம். ரெண்டு வாரம் போதும்."

அவன் சொன்னது தப்பில்லை. செய்யக்கூடியதுதான். இன்று யாரைக் கேட்டாலும் அப்படித்தான் செய்யச் சொல்வார்கள்.

அண்ணாச்சி நாற்காலியை அவன் பக்கம் திருப்பினார். பிறகு, "ஏலே முருகேசா, ஒன்ட்ட ஒண்ணு கேக்கேன், மறைக்காமச் சொல்லு. நீ பெங்களூருக்கு அப்ளிகேஷன் போட்டிருக்கியாலே?" என்றார்.

இரண்டாயிரம் பிறந்ததும் கம்ப்யூட்டர்களின் தேதிக் கணக்கு குழம்பிவிடும் என்று ஒய்.டூ.கே. பேச்சு எங்கும் நடந்துகொண்டிருந்த நேரம். கம்ப்யூட்டர் தெரிந்த பையன்கள் எல்லாரையும் பெங்களூர் அள்ளிக்கொண்டிருந்தது.

முருகேசன் தலையைக் குனிந்துகொண்டான். "போட்டிருக்கேன் அண்ணாச்சி."

"போட வேண்டியதுதான். நான் கோவப்படல. நீ இங்கனயே கெடக்கணும்னு சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கு? ஆனா நீ போனப்புறம் இதுல ஒரு கோளாறு வந்தா யாரு பாப்பா?"

முருகேசன் என்னைப் பார்த்தான். எனக்கு ஏ.எஸ்.பி. தெரியாது. கற்றுக்கொள்ள முடியாது என்றில்லை. ஆனால் எழுபது பேரின் படமும் முகவரியும் உள்ளே இருக்கும் ஒரு பூட்டை, பாதி தெரிந்தவளாக நான் காவல் காப்பதா என்று பயமாக இருந்தது. அதை வெளிப்படையாகவே சொன்னேன்.

பிறகு நான் இரண்டு நாளாக மனதில் உருட்டிக்கொண்டிருந்ததையும் சொன்னேன். "பூட்டு எப்படிப் போடலாம்னே பேசுதோம் அண்ணாச்சி. பூட்டி வைக்க வேண்டிய சாமான அங்க கொண்டு போகாமலே இருந்தா என்ன? பேரு, போட்டோ, ஸ்கூலு, அட்ரஸ் எதுவும் வெளியே வேண்டாம். ஒரு நம்பர், வயசு, நட்சத்திரம், படிப்பு, எந்தத் தாலுகா. அவ்வளவுதான். அதுக்கு வெறும் எச்.டி.எம்.எல். போதும். ஃபாக்ஸ்ப்ரோவிலேருந்து நான் எடுத்துக் குடுத்திருவேன். பிடிச்சிருக்கவங்க, தான் யாரு, எந்த ஊருன்னு ஒரு ஃபாரத்துல எழுதி அனுப்பணும். அது தாசில்தார் சாருக்கு மெயிலா வரும். அவரு அவங்க குடும்பத்த விசாரிச்சிட்டு, இப்ப குடுக்கிற மாதிரியே கையில குடுக்கட்டும்."

"அக்கா, இதுக்குப் பேரு வெப்சைட்டா?" என்றான் முருகேசன். "நோட்டீஸ் போர்டு!"

அவன் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. இரண்டு வாரம் இரவு பகலாகச் செய்த வேலை. அவனுடையது அழகாக இருந்தது, வேகமாக இருந்தது. என்னுடையதைப் பார்த்து யாரும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டாம் முறை பார்க்கப் போவதில்லை.

சாயங்காலம் தாசில்தாரிடம் சொன்னபோது அவர் நிதானமாகக் கேட்டார். "அப்ப போட்டோ, பேரெல்லாம் எங்க இருக்கும்?"

"ஒங்க வீட்டு பீரோலயே இருக்கட்டும் சார்."

"அப்ப பூட்டு நான்தானா?"

"நீங்கதான் சார்."

சிரித்தார். கோமதி வந்துபோன பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். ஆனால் அவர் மகன் சிரிக்கவில்லை. ஐ.எஸ்.டி.யில் கூப்பிட்டு, போட்டோ இல்லாமல் யார் பார்ப்பார்கள், இதற்காகவா இடம் வாங்கினேன் என்று சத்தம் போட்டிருக்கிறார். "ஒன் தங்கச்சி போட்டோவ நான் போட்டிருந்தா நீ சும்மா இருப்பியாலேன்னு கேட்டேன். அதுக்கப்புறம் பேச்சு மூச்சு இல்ல," என்று தாசில்தார் மறுநாள் எங்களிடம் சொன்னார்.

5. ஐந்நூறு

ஃபாரத்தில் எழுதியது மெயிலாக வர வேண்டுமானால் சர்வரில் ஒரு ஸ்கிரிப்ட் ஓடியே ஆக வேண்டும். யூனிக்ஸ் என்றால் பெர்ல். எனக்கு அதில் ஒரு வரிகூடத் தெரியாது. இலவசமாகக் கிடைத்த ஒரு சின்ன ஸ்கிரிப்டை இறக்கி, மெயில் முகவரியை மட்டும் மாற்றி ஏற்றினேன்.

எங்கள் ஊரில் அப்போது நெட்டுக்கென்று லோக்கல் எண் கிடையாது. மதுரைக்கு எஸ்.டி.டி. போட்டு மோடம் வழியாக இணைய வேண்டும். காலை ஆறு மணிக்கு லைன் நன்றாகக் கிடைக்கும் என்பதால் பாளையங்கோட்டையிலிருந்து முதல் டவுண் பஸ்ஸில் வந்துவிடுவேன். அண்ணாச்சி எனக்கு முன்பே வந்து கதவைத் திறந்து வைத்து, சாமி படத்துக்குப் பூ போட்டுக்கொண்டிருப்பார். மோடம் கரகரவென்று கத்தி இணையும். ஃபாரத்தை நிரப்பி பட்டனைத் தட்டுவேன்.

இன்டர்னல் சர்வர் எரர். ஐந்நூறு.

சர்வருக்குள் ஏதோ கோளாறு என்று மட்டும் அர்த்தம்; என்ன தவறு என்று அது சொல்லாது. ஸ்கிரிப்டை ஓடவிடும் அனுமதி எண்களை மாற்றினேன். பெர்ல் இருக்கும் இடத்தைச் சரிபார்த்தேன். முதல் வரியை எழுத்தெழுத்தாகப் படித்தேன். மறுபடியும் ஐந்நூறு. அடுத்த நாள் காலையும் ஐந்நூறு. மார்கழி பிறந்து பாதி போய்விட்டது. பாதை தெரியாமல் நடுரோட்டில் நிற்பது போல இருந்தது. நோட்டீஸ் போர்டைக்கூட என்னால் ஒட்ட முடியவில்லையே என்று கண்ணீர் முட்டியது.

முருகேசன் அந்த வாரம் என்னிடம் அதிகம் பேசவில்லை. தன் மேஜையில் நகைக்கடைப் பேக்கேஜ் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு நாள் காலை, நான் எதிர்பார்க்காத நேரத்தில், அவனும் ஆறு மணிக்கு வந்தான். தலையை இன்னும் துவட்டக்கூட இல்லை.

"அக்கா, ஸ்கிரிப்ட எந்த மோட்ல ஏத்துனீங்க?"

"எந்த மோடுன்னா?"

"எஃப்.டி.பி.ல ஆஸ்கி, பைனரின்னு ரெண்டு இருக்குல்லா. நேத்து மெட்ராஸ்ல என் ஃப்ரெண்டுக்குப் போன் போட்டுக் கேட்டேன். நோட்பேடுல எழுதினா ஒவ்வொரு வரி முடிவிலயும் கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்து கூட வருமாம். பைனரில ஏத்துனா அதுவும் சேந்து போயிரும். யூனிக்ஸுக்கு அது பிடிக்காது. ஆஸ்கில ஏத்துங்க, அதுவே கழட்டி விட்டுரும்."

ஆஸ்கியில் ஏற்றினேன். ஃபாரத்தில் அவன் பெயரையே எழுதி, சேரன்மகாதேவி என்று ஊரும் போட்டுப் பட்டனைத் தட்டினேன். 'நன்றி, உங்கள் விவரம் கிடைத்தது' என்று ஆங்கிலத்தில் ஒரு பக்கம் வந்தது. கொஞ்ச நேரத்தில் மெயிலும் வந்தது.

அண்ணாச்சி பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். "முதல் மாப்பிள்ளை நம்ம முருகேசனா?"

முருகேசன் வெட்கப்பட்டுச் சிரித்தான். அவனுக்கு என் மேல் இருந்த வருத்தம் போனதா என்று எனக்குத் தெரியாது. ஆனால் தான் செய்ததை ஒதுக்கிவிட்டு நாங்கள் வைத்த ஒன்றைச் சரி செய்வதற்காக அவன் மெட்ராஸுக்குப் போன் போட்டிருக்கிறான். அதற்கு எவ்வளவு பெரிய மனசு வேண்டும் என்று பிறகு பல ஆபீஸ்களில் வேலை பார்த்தபோதுதான் புரிந்தது.

6. தைக்குப் பிறகு

தளம் தையில் வெளிவந்தது. தலைப்பில் படமாக வரைந்த தமிழ் எழுத்து, கீழே ஒரு அட்டவணை, அடியில் ஃபாரம். பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. தாசில்தார் மகனின் நண்பர்கள் சிலர் பார்த்துவிட்டு, இது என்ன ரயில்வே டைம் டேபிளா என்று கேட்டார்களாம்.

முதல் மாதம் மெயில்கள் ஒன்றிரண்டுதான். பிறகு மெல்ல வர ஆரம்பித்தன. நியூ ஜெர்சி, சிங்கப்பூர், மஸ்கட். நான் அவற்றைப் பிரிண்ட் எடுத்து டவுணுக்கு அனுப்புவேன்.

அங்கே தாசில்தார் ஒரு புது வழக்கம் வைத்துக்கொண்டிருந்தார். எங்கள் யோசனை அல்ல, அவராகவே செய்தது. யாருடைய விவரம் கேட்டு மெயில் வந்தாலும், குடும்பத்தை விசாரித்த பிறகு, கொடுப்பதற்கு முன்னால் அந்தப் பெண்ணிடமோ பையனிடமோ நேராக ஒரு வார்த்தை கேட்டுவிடுவார். சில அப்பாக்களுக்கு இது பிடிக்கவில்லை. "என் மவள்ட்ட கேக்க நீரு யாருவே?" என்று ஒருவர் வீட்டுக்கே வந்து ஜாதகத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார். அப்படி ஏழெட்டுக் குடும்பம் போயிற்று. தாசில்தார் அதற்காக வழக்கத்தை மாற்றவில்லை. "போறவன் போட்டும்மா. பைய வருவான்," என்றார் என்னிடம். சிலர் வந்தார்கள். சிலர் வரவே இல்லை.

கோமதியின் எண்ணைக் கேட்டும் ஒரு மெயில் வந்தது. கலிஃபோர்னியாவில் எஞ்சினியர், நல்ல குடும்பம். தாசில்தார் கேட்டதற்கு, வேலையை விட வேண்டியிருக்குமா என்று மட்டும் அவள் திருப்பிக் கேட்டிருக்கிறாள். விட வேண்டியிருக்கும் என்று தெரிந்ததும் வேண்டாம் என்றுவிட்டாள். அவள் அப்பா தாசில்தாரிடம் வந்து சண்டை போட்டார். "அந்தப் பிள்ளை வேண்டாம்னுட்டு. நான் வேண்டாம்னே எழுதிட்டேன். அமெரிக்காவுக்கு 'வேண்டாம்'னு நான் எழுதின முதல் கடிதாசி இது," என்று தாசில்தார் போனில் சொன்னபோது, வருத்தமா பெருமையா என்று பிரிக்க முடியவில்லை.

அதற்குள் முருகேசன் பெங்களூருக்குப் போயிருந்தான். ஜங்ஷனில் ரயிலேற்றி விட அண்ணாச்சியும் நானும் போனோம்.

அடுத்த வருடம் ஒரு நாள் பகலில் ஆபீஸ் போன் அடித்தது. கோமதி.

"அக்கா, என் நம்பர அதுலேருந்து எடுத்திருங்க."

"கல்யாணம் முடிவாயிட்டாம்மா?"

"இல்லக்கா. எம்.எட். சேந்திருக்கேன். அது முடியுத வரைக்கும் யாரும் பேச்சே எடுக்கக் கூடாதுன்னு எங்கப்பாட்ட நானே சொல்லிட்டேன்." பிறகு கொஞ்சம் தயங்கி, "எடுக்க எத்தன நாளாவும்?" என்று கேட்டாள்.

"இப்பவே எடுத்திருதேன். ஆனா நீ போன வச்சாத்தான் முடியும். எங்களுக்கு லைன் ஒண்ணுதான். நீ எங்க இருக்க?"

"நாங்குநேரி பஸ் ஸ்டாண்டு பூத்துல. இங்கனயே நிக்கேன்க்கா, நீங்க திருப்பிக் கூப்புடுங்க." பூத்தின் எண்ணைச் சொன்னாள்.

ஃபாக்ஸ்ப்ரோவில் டெலீட் கொடுத்தால் ரெகார்டு போய்விடாது. அழிக்க வேண்டியது என்று ஒரு அடையாளம்தான் விழும். அடுத்து 'பேக்' என்று இன்னொரு கட்டளையும் கொடுத்தால்தான் நிஜமாகப் போகும். இரண்டையும் கொடுத்தேன். பக்கங்களைப் புதிதாக உருவாக்கி, மதுரைக்கு டயல் செய்து, ஏற்றினேன். தளத்தைத் திறந்து, மேலிருந்து கீழ்வரை இரண்டு முறை பார்த்தேன். அவள் எண் இல்லை. லைனைத் துண்டித்துவிட்டு பூத்துக்குப் போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"போயிட்டும்மா."

"சரிக்கா," என்றாள். அப்புறம், "பஸ் வந்துட்டு, வாரேன்," என்று வைத்துவிட்டாள்.

முருகேசனின் தளமாக இருந்திருந்தால், அன்று நான் பெங்களூருக்குக் கடிதம் எழுதிவிட்டு அவளைக் காத்திருக்கச் சொல்லியிருப்பேன்.

அதற்குப் பிறகு நான் எத்தனையோ ஃப்ரேம்வொர்க்குகளில் வேலை செய்துவிட்டேன். பி.எச்.பி., ஜாவா, டாட்நெட் எல்லாம் கற்றுக்கொண்டேன். முருகேசன் அன்று செய்ததைவிடப் பெரிய லாகின்களையும் நானே கட்டியிருக்கிறேன். எது சிறந்தது என்ற சண்டையில் எனக்கு இன்றும் பெரிய அக்கறை இல்லை. வேலைக்குத் தகுந்த மாதிரி எதுவும் சிறந்ததுதான். புதிதாக வரும் பிள்ளைகள் ஒரு பிளாட்பாரத்தைக் கொண்டுவந்து, இதில் ஒரு ஆளைச் சேர்க்க எவ்வளவு வேகம் பாருங்கள் என்று காட்டுவார்கள். பார்ப்பேன். நன்றாகத்தான் இருக்கும். பிறகு ஒன்று கேட்பேன். அந்த ஆள் நாளைக்குப் போன் செய்து, என்னை எடுத்துவிடுங்கள் என்று சொன்னால், நீ லீவில் இருக்கும்போது இங்கே இருப்பவர்களில் யாரால் அதைச் செய்ய முடியும்? ஒருவர் பெயரையாவது அவர்களால் சொல்ல முடிந்தால், சரி, ஆரம்பியுங்கள் என்பேன்.